70 கொண்டை ஊசி வளைவுகள்... 900 மூச்சுகள்! கொல்லிமலைக்குத் தேவைப்படும் உயிர்காக்கும் பயிற்சி

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி, வரிசையாக எண் போட்ட 70 கொண்டை ஊசி வளைவுகள். பைக்கில் வரும் இளைஞர்களுக்கு அது சாகசம். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு வயிற்றைப் புரட்டும் பயணம். அதே சாலையில், தானாக மூச்சுவிட முடியாத ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கீழே இறங்கினால்?

பின்பக்கம் இருப்பவர் நோயாளியின் முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பிடித்து, 6 நொடிக்கு ஒருமுறை 'ஆம்பு பேக்'கை அமுக்க வேண்டும். நிமிடத்துக்கு 10 முறை. செம்மேட்டிலிருந்து நாமக்கல் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 900 முறை. ஒவ்வொரு அமுக்கலும் ஒரு மூச்சு. மூளைக்கு ஆக்ஸிஜன் போகாமல் நின்றால், நான்கைந்து நிமிடங்களிலேயே திரும்பச் சரிசெய்ய முடியாத பாதிப்பு தொடங்கிவிடும்.

உயிருக்குப் போராடும் நோயாளியின் மூச்சுப் பாதையைத் திறந்து வைத்து ஆக்ஸிஜன் கொடுப்பதை 'அவசர ஏர்வே மேனேஜ்மென்ட்' என்கிறார்கள். டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ் ஊழியர் என எல்லோருக்கும் இதில் பயிற்சி தேவை. பெரிய நகர மருத்துவமனையில் ஒரு கை சறுக்கினால் தாங்கிக்கொள்ள இன்னொரு கை இருக்கும். மலையில் இருக்கிற கைதான் எல்லாமே.

மூச்சு ஏன் தடைபடுகிறது?

வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று 'நாடு'களாகப் பிரிந்து கிடக்கிறது கொல்லிமலை. மரவள்ளி, மிளகு, காபி, அன்னாசி, பலா என விவசாயம்தான் பிழைப்பு. மூச்சைப் பறிக்கும் ஆபத்துகளில் பலவும் இந்த வாழ்க்கையை ஒட்டியவைதான்.

சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க ஏறுபவர் தவறி விழுந்தால் தலையில் அடி. நினைவிழந்து மல்லாந்து கிடப்பவரின் நாக்கு தளர்ந்து பின்னால் சரிந்து, தொண்டையை அடைத்துவிடும். வளைவில் கவிழ்ந்த வண்டியில் சிக்கியவருக்கு ரத்தமும் வாந்தியும் மூச்சுப் பாதையில் இறங்கும்.

ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லி உடலுக்குள் போனால் எச்சில், சளி எல்லாம் பெருக்கெடுக்கும். நுரையீரல் நீரில் மூழ்கியதுபோல ஆகிவிடும். மூச்சுத் தசைகளும் தளரும். அட்ரோபின் ஊசி சளியை வற்றவைக்கும். ஆனால், தளர்ந்த தசைகளுக்கு அதனால் பலம் தர முடியாது. அதுவரை வேறு யாராவதுதான் மூச்சு கொடுக்க வேண்டும்.

பாம்புக்கடி இன்னும் நுட்பமானது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் இமைகள் சரியும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். அந்த நிலையில் கண்மணிகூட அசையாமல் போகலாம். பார்ப்பவர்கள் 'எல்லாம் முடிந்துவிட்டது' என்று நினைப்பார்கள். உள்ளே இருப்பவருக்கோ நினைவு தெளிவாக இருக்கக்கூடும்! நரம்பு முனைகளில் விஷம் வேலையைக் காட்டிய பிறகு, விஷமுறிவு மருந்தால் அதை உடனே மாற்ற முடியாது. நாள்கணக்கில் செயற்கை சுவாசம் கொடுத்தால் முழுமையாக எழுந்து நடந்து வீடு திரும்பியவர்கள் உண்டு. உயிரைப் பிடித்து வைப்பது அந்த மூச்சுதான்.

இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 2024-ல் தமிழக அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

குழாய் போட்டால் முடிந்ததா?

சினிமாவில் டாக்டர் நோயாளியின் வாயில் ஒரு குழாயைச் சொருகியதும் மானிட்டர் 'பீப்' என்று சீராகிவிடும். நிஜம் அப்படி இல்லை.

தீவிர நோயாளிகளுக்கு மூச்சுக்குழாயில் குழாய் பொருத்துவதைப் பற்றி 29 நாடுகளில் 2,964 பேரிடம் நடந்த 'இன்ட்யூப்' ஆய்வு, 2021-ல் வெளியானது. அவர்களில் 45.2 சதவிகிதம் பேருக்கு அந்தச் சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரிவது, ஆக்ஸிஜன் மிகவும் குறைவது, இதயம் நிற்பது என ஏதாவது ஒரு பெரிய சிக்கல் ஏற்பட்டது. 3.1 சதவிகிதம் பேருக்கு இதயமே நின்றது. ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து கொடுத்துக் குழாய் போடுவதற்கும், உயிருக்குப் போராடுகிறவருக்குப் போடுவதற்கும் இவ்வளவு வித்தியாசம்.

காரணம், சேமிப்பு. சில நிமிடங்கள் தூய ஆக்ஸிஜனைச் சுவாசித்த ஆரோக்கியமான ஒருவர், மூச்சு நிறுத்தப்பட்டாலும் சுமார் 8 நிமிடங்கள் ரத்தத்தில் ஆக்ஸிஜனைத் தக்கவைப்பார். உடல் பருமன் அதிகம் உள்ளவருக்கு அது 3 நிமிடத்துக்கும் குறைவு. நிமோனியாவில் திணறுகிறவருக்கும், வயிற்றில் குழந்தையோடு வலிப்பு வந்த தாய்க்கும் இன்னும் வேகமாகக் கரையும். வங்கிக் கணக்கில் இருப்பே இல்லாதவரிடம் செலவுக்குக் கேட்பது போலத்தான் அது.

அதனால்தான் இந்தப் பயிற்சியின் நோக்கமே மாறியிருக்கிறது. 'குழாயை எப்படிப் போடுவது' என்பது இரண்டாவது கேள்வி. 'ஆக்ஸிஜன் ஒரு நிமிடம்கூட நிற்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது' என்பதுதான் முதல் கேள்வி.

முதல் பாடம்: பையும் மாஸ்க்கும்

1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து வந்தவர்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேர் இறந்துகொண்டிருந்தார்கள். மயக்கவியல் நிபுணர் பியோர்ன் இப்சென், கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, பையை அமுக்கிக் கையாலேயே மூச்சு கொடுக்கலாம் என்றார். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் அருகில் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். பெரும்பான்மையோர் பிழைத்தார்கள். இன்றைய ஐ.சி.யூ பிறந்த கதை அது. தானாக உப்பிக்கொள்ளும் 'ஆம்பு பேக்' 1956-ல் அதே டென்மார்க்கிலிருந்து வந்தது.

பார்க்கச் சுலபமாகத் தெரியும் இந்தப் பைதான், பயிற்சி இல்லாத கையில் அதிகம் தவறாகும் கருவி.

* கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல் 'சி' எழுத்துபோல. மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பில் 'இ' எழுத்துபோல. மாஸ்க்கை முகத்தில் அமுக்கக் கூடாது. தாடையை மாஸ்க்குக்குள் தூக்க வேண்டும்.
* இரண்டு பேர் இருந்தால், ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, மற்றவர் பையை அமுக்குவதே சிறந்தது.
* பெரியவர்களுக்கான பை சுமார் 1.5 லிட்டர். ஒரு மூச்சுக்குத் தேவை அரை லிட்டரை ஒட்டித்தான். மார்பு லேசாக உயர்ந்தால் போதும். பதற்றத்தில் முழுப் பையையும் வேகவேகமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குப் போகும், வாந்தி வரும், ரத்த அழுத்தமும் இறங்கும்.
* நாக்கு அடைக்காமலிருக்க வாய்க்குள் வைக்கும் வளைந்த பிளாஸ்டிக் கருவியை, வாய் ஓரத்திலிருந்து தாடைக் கோணம் வரை அளந்து தேர்வு செய்ய வேண்டும்.

இந்த அடிப்படைப் பாடத்தை ஆய்வுகளும் ஆதரிக்கின்றன. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆம்புலன்ஸில் வந்த 830 குழந்தைகளை வைத்து 2000-ல் வெளியான ஆய்வில், குழாய் போட்டதால் கூடுதல் பலன் இல்லை. பை-மாஸ்க் மூலம் மூச்சு கொடுத்தாலே போதுமானதாக இருந்தது. இங்கிலாந்தில் 9,296 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான 'ஏர்வேஸ்-2' ஆய்வில், இதயம் நின்றுபோனவர்களுக்குக் குழாய் போட்டதற்கும், தொண்டைக்கு மேலேயே பொருந்தும் 'ஐ-ஜெல்' என்ற எளிய கருவியைப் பயன்படுத்தியதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

குழாய் தேவைப்படும் நோயாளிகள் நிச்சயம் உண்டு. ஆனால், அதுவரை உயிரைத் தாங்குவது பைதான்.

குழாய் போடும் முன் பத்து நிமிடம்

நோயாளியைத் தட்டையாகப் படுக்க வைக்காமல் தலைப்பக்கத்தை உயர்த்துவது. காதுத் துளையும் மார்பெலும்பின் மேல் குழியும் ஒரே மட்டத்தில் வருமாறு தலையணை வைப்பது. குறைந்தது 3 நிமிடம் முழு ஆக்ஸிஜன். ரத்த அழுத்தத்தை முன்பே சரிசெய்வது. சளி உறிஞ்சும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் ஓடிக்கொண்டிருப்பது. மருந்தை யார் போடுவது, மானிட்டரை யார் பார்ப்பது என்று பெயர் சொல்லிப் பிரிப்பது. பயிற்சியில் மணிக்கணக்கில் பழக்கப்படுத்துவது இதைத்தான். குழாயைப் போடுவது என்னவோ 30 நொடி வேலை!

நம் நாட்டுக்கென்றே ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது. அகில இந்திய டிஃபிகல்ட் ஏர்வே அசோசியேஷன், 2016-ல் ஐ.சி.யூ நோயாளிகளுக்கென்று தனியாக ஒரு வழிமுறையை வெளியிட்டது. முயற்சி நடக்கும்போதும் மூக்கு வழியாக ஆக்ஸிஜனைத் தொடர்வது, திரும்பத் திரும்ப முயலாமல் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது, முன்கூட்டியே உதவிக்கு ஆள் அழைப்பது, எதுவும் பலிக்காவிட்டால் கழுத்தின் முன்புறம் துளையிட்டு வழி ஏற்படுத்துவது என்று படிப்படியாகச் சொல்கிறது.

மருந்துத் தேர்விலும் நம் ஊருக்கேற்ற எச்சரிக்கை உண்டு. தசையைத் தளர்த்த உதவும் 'சக்சினைல்கோலின்' வழக்கமாகச் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். ஆர்கனோபாஸ்பரஸ் விஷம் ஏறியவருக்கு அதே மருந்தின் விளைவு நெடுநேரம் நீடிக்கும். அதை உடைக்க வேண்டிய என்ஸைமையே விஷம் முடக்கியிருக்கும்.

குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறதா? மூச்சுக்குழாய்க்குப் பக்கத்திலேயே உணவுக்குழாய். இடம் மாறிப்போய், அதைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். வெளிவரும் கார்பன் டை ஆக்ஸைடை அலைக்கோடாகக் காட்டும் 'கேப்னோகிராஃப்' இதற்கு நம்பகமான சாட்சி. பிரிட்டனில் 2011-ல் வெளியான தேசிய அளவிலான தணிக்கை, ஐ.சி.யூ-வில் ஏர்வே பிரச்னையால் நேர்ந்த மரணங்களிலும் மூளைப் பாதிப்புகளிலும் 70 சதவிகிதத்துக்கு மேல் இந்தக் கருவியைப் பயன்படுத்தாததும் ஒரு காரணம் என்றது. 'கோடு இல்லையென்றால், குழாய் தவறான இடத்தில்' என்பதை அங்குள்ள மருத்துவர்கள் ஒரு முழக்கமாகவே மாற்றிவிட்டார்கள்.

"டாக்டர், போதும் நிறுத்துங்க!"

2005, இங்கிலாந்து. சைனஸ் ஆபரேஷனுக்காக மருத்துவமனைக்குப் போன எலைன் ப்ரோமிலி என்ற 37 வயதுப் பெண்ணுக்கு, மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சுப் பாதையைத் திறக்க முடியவில்லை. அறையில் இருந்தவர்கள் அனுபவசாலிகள். குழாய் போட மறுபடி மறுபடி முயன்றார்கள். நிமிடங்கள் ஓடின. ஒரு நர்ஸ் கழுத்தில் துளையிடும் கருவித் தொகுப்பைக் கொண்டு வந்து வைத்தார், இன்னொருவர் ஐ.சி.யூ-வில் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. ஆனால், டாக்டர்கள் காதில் விழும்படி சொல்ல முடியவில்லை. எலைன் கண் விழிக்காமலேயே இரண்டு வாரத்துக்குள் இறந்தார்.

அவரின் கணவர் மார்ட்டின் ப்ரோமிலி ஒரு விமானி. விமானத்தில் துணை விமானி தயங்காமல் கேப்டனை எச்சரிக்கப் பயிற்சி கொடுக்கிறார்களே, மருத்துவமனையில் ஏன் இல்லை என்று கேட்டார். யாரையும் தண்டிக்கச் சொல்லாமல், மருத்துவத்தில் மனிதத் தவறுகளைப் பற்றிப் பேச 2007-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க ஏர்வே வகுப்புகளில் இந்தச் சம்பவம் பாடமாகச் சொல்லப்படுகிறது.

நம் ஊருக்கு இது இன்னும் முக்கியம். 'பெரிய டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது' என்ற தயக்கம் இங்கே ஆழமானது. "டாக்டர், ஆக்ஸிஜன் 85-க்கு வந்துடுச்சு, நிறுத்திட்டு பேக் பண்ணலாம்" என்று உரக்கச் சொல்ல நர்ஸுக்குப் பழக்குவதும், அதைக் கேட்டதும் கையை எடுக்க டாக்டருக்குப் பழக்குவதும் பயிற்சிதான். இதற்குப் புதிய மெஷின் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

50 முறை பழகிய கை

குழாய் போடுவதில் பத்துக்கு ஒன்பது முறை வெற்றி கிடைக்க, ஒருவர் குறைந்தது 50 முறையாவது நோயாளிகளிடம், மேற்பார்வையோடு செய்திருக்க வேண்டும் என்கின்றன ஆய்வுகள். அதுவும் ஆபரேஷன் தியேட்டரின் அமைதியான சூழலில். சில மாதங்கள் செய்யாமல் விட்டால் கை மறந்துபோகும்.

மலையில் பணிபுரியும் டாக்டருக்கு இதுதான் சிக்கல். குழாய் போடும் வாய்ப்பு எப்போதாவதுதான் வரும். வரும்போது அது மிகக் கடினமானதாக இருக்கும். ஒரு நாள் வகுப்பில் பொம்மையை வைத்துப் பழகிச் சான்றிதழ் வாங்குவது தொடக்கம் மட்டுமே.

வழி தொலைவில் இல்லை. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நாமக்கல்லும் ஒன்று. மருத்துவக் கல்லூரி என்றால் ஆபரேஷன் தியேட்டர், மயக்கவியல் துறை, பொம்மைகளோடு கூடிய திறன் பயிற்சிக்கூடம் எல்லாம் இருக்கும். மலையில் பணிபுரியும் டாக்டர்களும் நர்ஸுகளும் ஆண்டுக்குச் சில நாள்கள் தியேட்டரில் மயக்கவியல் நிபுணர்களோடு நின்று பழகினால் கை மறக்காது. மாதம் ஒருமுறை, செம்மேடு அரசு மருத்துவமனையிலேயே அங்கிருக்கும் கட்டில், அங்கிருக்கும் சிலிண்டர், அங்கிருக்கும் ஆள்களோடு அரை மணி நேர ஒத்திகை பார்த்தால், எந்தப் பொருள் எங்கே இல்லை என்பது அன்றே தெரிந்துவிடும்.

தமிழகத்தில் அடித்தளம் இருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 முதல் ஓடுகிறது. விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கான 'டி.ஏ.இ.ஐ' திட்டத்தில், நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்க்கும் முறை வந்துவிட்டது. சிவப்புப் பகுதிக்கு வருபவரிடம் முதலில் பார்க்க வேண்டியது மூச்சுப் பாதையைத்தான்.

வளைவுகளில் இறங்கும்போது

மலைப் பயணத்துக்கென்றே தனிப் பாடம் உண்டு. முதலில் கணக்கு. 'பி டைப்' ஆக்ஸிஜன் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால் 100 நிமிடம். மூக்கு வழியாகவும் சேர்த்துக் கொடுத்தால் 50 நிமிடம்தான். கிளம்பும் முன் இந்த வகுத்தலைப் போடாவிட்டால், எத்தனையாவது வளைவில் ஆக்ஸிஜன் தீரும் என்பது யாருக்கும் தெரியாது.

அடுத்து, குழாய். பெண்களுக்குச் சுமார் 21 செ.மீ, ஆண்களுக்குச் சுமார் 23 செ.மீ அளவில் உதட்டோரம் குறியைப் பார்த்து, இறுக்கமாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் உடல் ஒரு பக்கம் சாயும்போது குழாய் நழுவக்கூடும். அதனால் 'பைலட்' என்று அழைக்கப்படும் ஓட்டுநரும் ஒத்திகையில் இருக்க வேண்டும். "வளைவு வருது" என்று அவர் குரல் கொடுத்தால், பின்னால் இருப்பவர் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொள்வார். வேகமாகப் போவதைவிட, குலுங்காமல் போவது முக்கியம். வென்டிலேட்டர் பழுதானாலும் பை கையில் தயாராக இருக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

ஆம்புலன்ஸ் வரும்வரை மூச்சுப் பாதையின் காவலர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.

* 108-ஐ அழையுங்கள். நினைவிழந்து, ஆனால் மூச்சு இருப்பவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விபத்தில் கழுத்தில் அடி என்று சந்தேகம் இருந்தால் தேவையின்றி அசைக்காதீர்கள்.
* நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர், சோடா, எலுமிச்சைச் சாறு எதையும் ஊற்றாதீர்கள். அது நேராக நுரையீரலுக்குப் போகலாம்.
* பூச்சிமருந்து என்றால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து பட்ட துணியைக் கழற்றிவிட்டு, தோலைக் கழுவுங்கள். பாட்டிலையோ லேபிளையோ கையோடு கொண்டு போங்கள்.
* பாம்புக்கடி என்றால் கட்டுப் போடுவதோ, கீறுவதோ, உறிஞ்சுவதோ வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வையுங்கள். இமை சரிகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்து, நேரத்தோடு மருத்துவரிடம் சொல்லுங்கள்.
* மூச்சு இல்லை, அசைவும் இல்லை என்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். 108-ல் பேசுபவர் சொல்வதைப் பின்பற்றுங்கள்.

மன உளைச்சலில் தவிப்பவர்கள் 104 அல்லது டெலி மானஸ் 14416 எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துப் பேசலாம்.

அடுத்த முறை உங்கள் ஊர் கிராம சபையில் சாலை, தெருவிளக்கு பற்றிக் கேட்கும்போது இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'நம்ம ஆஸ்பத்திரியில கடைசியா எப்போ ஒத்திகை பார்த்தாங்க?'